கார் இல்லாதவர்களின் டிரைவ்-இன்

சென்னையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் மூடப்பட்டபோது அதிகம் கலங்கியவர்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு எங்கே போனாலும் இட்லி கிடைக்கும். கலங்கியவர்கள் மெடிக்கல் ரெப்புகள், இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள், சினிமாவுக்குக் கதை வைத்திருந்தவர்கள், அப்புறம் வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து காபி குடித்த என்னைப் போன்றவர்கள்.

உடுப்பிப் பக்கத்துக்காரரான கிருஷ்ணா ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் ஆரம்பித்த உட்லண்ட்ஸ், பல கிளைகள் விட்டது. கதீட்ரல் சாலையில், பெரிய பெரிய மரங்களுக்கு அடியில், டிரைவ்-இன் வந்தது 1962-இல். காரை நிறுத்தினால் சர்வர் வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒரு தட்டை மாட்டுவார். அமெரிக்காக்காரன் ஹாம்பர்கருக்காகச் செய்த ஏற்பாடு அது. ஹாம்பர்கருக்குச் சாம்பார் கிடையாது என்பதை இங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மாமாவின் அம்பாசடரில் குடும்பமே ஏறிக்கொண்டு போவோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் ராஜா. நடுவில் இருப்பவருக்கு ரவா தோசை நாலு கை மாறி வரும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் சுங்கம் வசூலித்துக்கொள்ளும். தட்டு மாட்டிவிட்டால் கதவைத் திறக்க முடியாது. "கை கழுவணுமே" என்று சித்தப்பா நெளிந்தால், "வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம், மாப்ளே" என்பார் மாமா. பின்னாளில் அந்தக் காரை விலை பேச வந்தவர் உள்ளே தலையை விட்டு ஒருமுறை மூச்சை இழுத்தார். "டிரைவ்-இன் வண்டியா?" என்றார். ஐந்நூறு ரூபாயைக் குறைத்தார்.

காரில்லாமல் போன காலம்தான் எனக்குப் பொற்காலம். உள்ளே ஓட்டல் கூடத்தில் வேண்டியதை வாங்கிக்கொண்டு உட்காரலாம். டாக்டர்கள் ரெப்புகளைப் பார்ப்பது அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில்தான். அதுவரை ரெப்புகளின் தோல்பைகள் அங்கே வரிசையாக ஓய்வெடுக்கும். பக்கத்து மேஜையில் ஒருவர் வெள்ளிவிழாப் படத்தின் கிளைமாக்ஸைச் சொல்லி அழுதுகொண்டிருப்பார். அந்த மரத்தடிகளில் நூறு நாள் ஓடிய படங்கள் ஏராளம். அவற்றில் பாதிகூடத் தியேட்டருக்கு வந்திருக்காது. ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்னைக் கைது செய்திருப்பார்கள்.

நில விவகாரத்தில் 2008-இல் கதவு சாத்தப்பட்டது. நிலம் அரசின் கைக்குப் போனது. 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. அழகான பூங்கா, குறை சொல்ல மாட்டேன். பசித்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

இன்றைய ஓட்டல்களில் நான் கடைசி வாயை விழுங்குவதற்குள் பில் வந்துவிடுகிறது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் என் எழுச்சிக்காகக் காத்து நிற்கிறது. ஆகவே, புதிதாக ஓட்டல் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: யாரும் எழுப்பாத நாற்காலிகள் நாலைந்தாவது போடுங்கள். வியாபாரத்துக்கு நஷ்டம்தான். ஆனால் ஒரு காபிக்கு நான் உத்தரவாதம்.