நம்ம கம்பெனி

தனக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தை அம்பத்தூர்க்காரர் வெறும் 'கம்பெனி' என்றுதான் சொல்வார். எஸ்டேட்டில் லேத் ஓட்டினாலும் சரி, ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டிங் பார்த்தாலும் சரி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. அவர் வாயில் 'நம்ம கம்பெனி' என்று வந்துவிட்டால் அது வேறு இடம். அது மும்பையில் இருக்கிறது. அதன் வாசற்படியை அவர் பார்த்ததில்லை. அது தயாரிக்கும் எதையும் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. பெயர் நசாரா டெக்னாலஜிஸ். தொழில், விளையாட்டுகளை வெளியிடுவது. ஐப்பசி பிறந்ததும் அவர் டீக்கடை பெஞ்சில் தொடங்குவார்: "லீவு சீசன் சார். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல்னு வரிசையா வருது. பசங்க கையில போனைத் தவிர வேற என்ன இருக்கும்? டிசம்பர் குவார்ட்டர் பிச்சிக்கும் பாருங்க." பொங்கல் டிசம்பர் காலாண்டில் வராதே என்று யாராவது கேட்டால், "எஃபெக்ட் இருக்கும்ல" என்பார். இவரைச் சிறு முதலீட்டாளர் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வகைப்படுத்துகிறது. நான் வேறு கட்சி. பங்கு என்ற பெயரில் இவர் வாங்கி வைத்திருப்பது பேச்சுரிமை. லாபமோ நஷ்டமோ, அதற்குக் கட்டும் சந்தா.

கையிருப்பை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். 2021 மார்ச் 17 முதல் 19 வரை நசாராவின் ஐபிஓ நடந்தது. பங்கு ஒன்று 1,101 ரூபாய், ஒரு லாட்டுக்கு 13 பங்குகள், ஆக 14,313 ரூபாய். சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு ஏறக்குறைய 75 மடங்கு விண்ணப்பம் குவிந்ததால், கிடைத்தவர்களுக்கு அந்த ஒரு லாட்தான், அதுவும் குலுக்கலில். மார்ச் 30 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 1,990 ரூபாயில் வர்த்தகம் தொடங்கியது. அன்றே விற்றவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நம்மவர் விற்கவில்லை. 2022 ஜூனில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்து 13 என்பது 26 ஆயிற்று. 2025 செப்டம்பரில் ஒரு ஸ்ப்ளிட், கூடவே இன்னொரு போனஸ், ஆக 104. அன்றைய விலையில் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தொடாது. அதாவது, ஒரு நடுத்தர செல்போன் வாங்கும் பணத்தில் நாலரை வருஷம் நிர்வாகக் குழுவின் முடிவுகளை விமர்சித்திருக்கிறார், அயல்நாட்டுக் கம்பெனிகளை வாங்கலாமா கூடாதா என்று கருத்துச் சொல்லியிருக்கிறார், வாரிசுரிமை பற்றிக்கூட யோசித்திருக்கிறார். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. மும்பை முதலாளியின் கம்பெனியை ஆவடித் தொழிலாளி தன்னுடையது என்று மனதார நம்புவதும் ஒருவகை சோஷலிசம்தானோ என்னவோ.

பண்டிகைக் கால விற்பனை பற்றிய அவருடைய கணிப்புக்கு வருவோம். அது பொய்யான சரக்கல்ல. வேறு ஊர்ச் சரக்கு. அமெரிக்காவில் விளையாட்டு என்பது பெட்டியில் வந்து கிறிஸ்துமஸ் மரத்தடியில் உட்காரும் பொருளாக இருந்தது. 1982இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்தை வைத்து அட்டாரி ஐந்தாறு வாரங்களில் ஒரு விளையாட்டைச் செய்து கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு அனுப்பியது. அந்த டிசம்பரில் விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை என்று தெரியவந்ததும், அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னரின் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2020 டிசம்பர் 10 அன்று போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 'சைபர்பங்க் 2077'ஐப் பண்டிகைக்குள் வெளியிட்டே தீருவது என்று அவசரப்பட்டது. பிழைகள் மலிந்திருந்ததால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பங்கு தலைகுப்புற விழுந்தது. அங்கெல்லாம் டிசம்பர் என்பது வாழ்வா சாவா. நசாராவின் குடும்பத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று உண்டு: சென்னை நெக்ஸ்ட்வேவ் உருவாக்கிய 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்'. இறக்கிக்கொள்ளக் காசில்லை, விளம்பரம்தான் பெரும்பாலும் சோறு போடுகிறது. அதற்குத் தீபாவளி என்று ஒன்று உண்டானால் அது சித்திரையில், ஐபிஎல் நடக்கும்போது வரும். நம்மவர் இதற்கு நேர்ச்சாட்சியாக மகனைக் கொண்டுவருவார். "எங்க வீட்டுப் பையன் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அதுலதான் சார்." அந்தப் பையன் இதுவரை அதற்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை; விளம்பரம் வரும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறான். தெரிந்த தொழிலில் முதலீடு செய் என்ற உபதேசத்தை அப்பா பின்பற்றுகிறார் என்று வாதிடுபவர்கள் இந்தத் தண்ணீர்ச் செம்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 2025இல் நசாரா இங்கிலாந்தின் கர்வ் கேம்ஸை வாங்கியது. 'ஹ்யூமன் ஃபால் ஃபிளாட்' போன்ற, காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனம் அது. டிசம்பர் கடைசியில் ஸ்டீம் தளத்தில் நடக்கும் குளிர்காலத் தள்ளுபடியில் இப்படிப்பட்டவை நன்றாக நகரும். ஆகவே பண்டிகை விற்பனை என்பது இனி நம்ம கம்பெனிக்கும் பொருந்தும்தானே? ஓரளவு பொருந்தும். இந்த வாதத்தை அவரே சொல்லியிருந்தால் நான் அப்போதே தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் அவருக்குக் கர்வ் என்ற பெயரே தெரியாது. அவருக்குத் தெரிந்தது 'ஜிடிஏ 6'. மே 2026 என்றவர்கள் நவம்பர் 19, 2026க்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்பதை மகளின் அரையாண்டுத் தேர்வுத் தேதியைவிடத் துல்லியமாகச் சொல்வார். அதை வெளியிடும் டேக்-டூ நியூயார்க்கில் இருக்கிறது. அதில் அவருக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. "ஜிடிஏ வந்தா செக்டாரே தூக்கும் சார்" என்பதோடு அந்த அத்தியாயம் முடியும்.

பேச்சுக்காகவே பங்கு என்பதற்கு ஆகப்பெரிய சாட்சி, எந்தச் செய்தியும் அவரை விற்க வைக்காதது. முன்பெல்லாம் "ஜுன்ஜுன்வாலாவே வச்சிருக்காரு" என்பது அவருடைய கடைசி அஸ்திரம். பங்குச் சந்தைப் பெரும்புள்ளியான ராகேஷ் ஜுன்ஜுன்வாலா 2022 ஆகஸ்டில் மறைந்த பிறகு அது "அவங்க வீட்டம்மா வச்சிருக்காங்க" என்று திருத்தப்பட்டது. 2025 ஜூனில் அந்த அம்மையாரும் மொத்தமாக விற்று வெளியேறினார். நம்மவர் சற்று யோசித்து, "ஏதாவது அவசரச் செலவு வந்திருக்கும்" என்றார். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் மசோதா மக்களவையில் நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். போக்கர்பாஸி என்ற ஆன்லைன் சீட்டாட்டத் தளத்தை நடத்தும் நிறுவனத்தில் நசாராவுக்கு 46 சதவீதப் பங்கு இருந்ததால் இரண்டே நாளில் பங்கு விலையில் ஐந்தில் ஒரு பகுதிக்கு மேல் போயிற்று. நம்ம கம்பெனிக்குச் சீட்டாட்டத்தில் ஒரு கை உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் ஆன்லைன் ரம்மித் தடைச் சட்டத்துக்கு ஆளுநர் கையெழுத்திட்டபோது, "எத்தனை குடும்பம் நாசமாச்சு, இன்னும் முன்னாடியே போட்டிருக்கணும்" என்று முழங்கியவர், இப்போது "மூணு நாள்ல சட்டம் போட்டா தொழில் எப்படி சார் நடத்துறது?" என்றார். மறுநாளே நிறுவனத்தின் விளக்கம் அவருக்கு மனப்பாடம்: "நமக்கு டைரக்ட் எக்ஸ்போஷர் இல்ல." செப்டம்பர் 26 அன்று ஸ்ப்ளிட்டும் போனஸும் சேர்ந்து விலையை நாலில் ஒன்றாக்கின. செயலியில் எழுபத்தைந்து சதவீதம் சரிவு என்று சிவப்பாகத் தெரிந்த அந்த அரைமணி நேரமும் அவர் விற்கவில்லை. விற்றுவிட்டால் நாளைக் காலை பெஞ்சில் என்ன பேசுவது?

சிறு முதலீட்டாளரை இப்படிக் கேலி செய்யலாமா, அவர்தானே இன்று சந்தையைத் தாங்குகிறார் என்று சிலர் கோபப்படுவார்கள். 2020 தொடக்கத்தில் நாட்டில் சுமார் 4 கோடி டிமேட் கணக்குகள். 2025இல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. கூட்டமாகச் சேர்ந்தால் பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வடத்தைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் 'நான்தான் இழுத்தேன்' என்று வீட்டில் போய்ச் சொல்வதைத் தேர் பொருட்படுத்துவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு, அவரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது. அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், தொலைத்தது 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபியே 2024இல் ஆய்ந்து சொன்னது. மாதம் முப்பது சதவீதம் தருகிறோம் என்ற நிதி நிறுவனங்களின் வாசலில் நகையை விற்ற பணத்தோடு நின்றவர்களும் இதே சென்னைக்காரர்கள்தான். அவர்களோடு பார்த்தால் 104 பங்குகளோடு உட்கார்ந்திருக்கும் நம்மவர் ஞானி.

அப்படியானால் பணத்தைப் பத்திரமாக வங்கியில் போட்டுவிட்டுப் போகலாமே என்று அவருக்குப் புத்தி சொல்ல நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவர் போட்டிருக்கிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து, மனைவி பெயரிலும் தன் பெயரிலுமாக, பங்கு மதிப்பைப் போல முப்பது நாற்பது மடங்கு வைப்புநிதியில் இருக்கிறது. வட்டி எவ்வளவு, எப்போது முதிர்கிறது எல்லாம் பைசா சுத்தமாக ஒரு பழைய டைரியில் இருக்கும். பெஞ்சில் அதைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. ஏழு சதவீதம் என்று சொன்னால், "அப்படியா" என்பதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?