கரடியா, பிஸ்கட் தூளா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்? கரடிக்கா?

பதில்: பிஸ்கட் தூளுக்கு!

கரடிக்காக இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டுமல்ல, சோப்பும் பற்பசையும்கூட இரவில் அதற்குள்தான் தூங்க வேண்டும். சிக்கல், மேசைக்கடியில் சிதறும் தூளில். அதைப் பொறுக்க ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப் பறவை வரும். வந்தது சும்மா போகாது. மேலே மரக்கிளையில் மார்பிள்டு மரலெட் என்ற கடற்பறவை இட்ட முட்டையையும் ஒரு கை பார்த்துவிடும்.

இந்த மரலெட் கடலில் மீன் பிடித்துப் பிழைப்பது. முட்டையிட மட்டும் காட்டுக்குள் வரும். கூடு கட்டும் வேலையெல்லாம் கிடையாது: கிழட்டு மரத்தின் அகன்ற கிளை, பாசி மெத்தை, ஒரே ஒரு முட்டை. 1974-ல் பிக் பேசின் பூங்காவில் இப்படி ஓர் இடம் மரமேறி ஒருவரின் கண்ணில் பட்ட பிறகுதான் பறவையியலாளர்களுக்கே விஷயம் பிடிபட்டது. அந்த ஒற்றை முட்டையைக் காப்பாற்றத்தான் ‘ஒரு துணுக்கும் சிந்தாதீர்கள்’ என்று வனக்காவலர்கள் கெஞ்சுகிறார்கள்.

(ரெட்வுட் என்றதும் ஆந்திரச் செம்மரத்தை நினைக்க வேண்டாம். அது வேறு குடும்பம், வேறு வழக்கு!)

ஆனால் வழக்கு இங்கேயும் உண்டு. சுமார் 116 மீட்டர் உயர ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரத்தடிக்குப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பார்க்க வந்தவர்கள் மிதித்தே அதன் வேர்ப்பகுதியைக் கெடுத்துவிட்டார்கள்.

கோடை இரவில் கூடாரத்தின் மேல் சொட்டுச் சொட்டென்று விழுந்தால் மழை என்று பதற வேண்டாம். கடல் மூடுபனியை இலைகள் பிடித்துக் கீழே இறக்குகின்றன. காயப்போட்ட துண்டை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.