முதலாளிக்கு யார் முதலாளி?

கும்பகோணத்தில் எனக்கு ஒரு பாத்திரக் கடை. போர்டில் என் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னவன் நான்தான். அந்தப் பட்டம் வீட்டில் செல்லாது. வருமான வரிச் சட்டத்தில் செல்லும், வம்பே அதில்தான்.

காலையில் ஷட்டரைத் தூக்குவது, எவர்சில்வர் குடத்தைத் துடைத்து அடுக்குவது, சீர் டிபன் கேரியரில் பெண்ணின் பெயரோடு கல்யாணத் தேதியையும் கிர்ர்ரென்று வெட்டிக் கொடுப்பது எல்லாம் அடியேன்தான். ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்குக் கல்லாவில் இருக்கும் முதலாளிதான் தெரிகிறான், குடம் துடைக்கிறவன் தெரிவதில்லை.

அறுபது நெருங்குவதால் என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தில் பணம் போடலாமென்று ஆடிட்டரிடம் போனேன்.

"பழைய வரிமுறையில இருந்தா, எல்ஐசி, பிபிஎஃப், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தோடயும் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை வருமானத்துல கழிக்கலாம். அதுக்கு மேல என்பிஎஸ்ஸுக்குன்னே தனியா ஐம்பதாயிரம். புது முறையில இது ரெண்டும் கிடையாது சார்."

"அப்போ புதுசுல என்னதான் உண்டு?"

"முதலாளி தன் ஊழியருக்காகப் போடுறது. சம்பளத்துல 14 சதவீதம் வரை கழிக்கலாம்."

"எனக்குத்தான் முதலாளி இருக்கானே, நானே!"

"உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்க முடியாது சார்."

எனக்கு மூளை வேலை செய்வது அபூர்வம், அன்று செய்தது. கடையை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு நான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தால்? அதற்கும் சட்டத்தில் பூட்டு இருக்கிறதாம். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அதற்காகவே கொடுத்த சம்பளம் என்று காட்ட முடியாவிட்டால், கணவன் வாங்கும் சம்பளம் மனைவியின் வருமானத்திலேயே சேர்ந்துவிடும். இதை வீட்டில் விளக்கினேன். "தகுதியா? உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விட்டாள். வரி அதிகாரி இத்தனை சுருக்கமாக உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை.

பழைய முறைக்கே போகலாமென்றால், அங்கேயும் சிக்கல்: சம்பளக்காரர்கள் வருஷா வருஷம் மாறி மாறித் தேர்ந்தெடுக்கலாம். வியாபாரி அதற்கான படிவம் கொடுத்துப் பழையதற்குப் போய்த் திரும்பி வந்தால், தொழில் வருமானம் இருக்கிறவரை மறுபடி அங்கே நுழைய முடியாது.

கடைசியில் ஆடிட்டர் மெல்லச் சொன்னார்: "2025-26ல 12 லட்சம் வரைக்கும் புது முறையில வரியே இல்லை. உங்க லாபம் அதுக்குப் பக்கத்துலகூட வரலை. இல்லாத வரிக்கு எதுக்கு சார் சலுகை?"

வரி இல்லை என்ற செய்தி கேட்டு அவமானப்பட்ட வியாபாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இருந்தாலும் எதிர்க்கடைக்காரருக்கு லாபம் 12 லட்சத்தைத் தாண்டும். அவர் சார்பில் நிதியமைச்சருக்கு ஒரு விண்ணப்பம்: கல்லாவில் உட்கார்ந்திருப்பவனையும் கடையில் வேலை பார்க்கிறவனாகக் கணக்கில் எடுங்கள். சம்பளம் வேண்டாம், அந்த 14 சதவீதக் கழிவு போதும்.