84 கோடிக்கு ஆசைப்பட்டவன்

2024 செப்டம்பர் 27, வெள்ளி ராத்திரி. மும்பை கோவண்டி ஸ்டேஷன் படியில் இறங்கும்போது பாங்கிலிருந்து எஸ்எம்எஸ். ஏதோ வெளிநாட்டுக் கடையில் 8,700 ரூபாய்க்கு நான் சாமான் வாங்கினேனாம். நான் பார்த்த அதிகபட்ச வெளிநாடு பன்வேல்.

ஓடிபி வரவில்லை. வெளிநாட்டுக் கடைகள் பல அதைக் கேட்பதே இல்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி திறந்திருந்தால் போதும். மகளுக்கு ஒரு கேம் வாங்கத் திறந்தவன் நான். மூட மறந்தவனும் நான்.

சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அப்போதே அழைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஒற்றை அறை வீட்டில் போன் பேசுவது ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குச் சமம். மனைவிக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் செய்தி கண்ணில் பட்டது. திருட்டு கார்டு விவரங்களை விற்ற ‘ஜோக்கர்ஸ் ஸ்டாஷ்’ சந்தையை நடத்தியதாக ரஷ்யரான திமூர் ஷக்மமேத்தொவ் மீது குற்றச்சாட்டு. ஆளைப் பிடிக்கத் துப்புக் கொடுத்தால் ஒரு கோடி டாலர் வரை தருகிறதாம் அமெரிக்க அரசு. 2019-இல் நம்மூர் கார்டுகள் 13 லட்சம், தலைக்கு 100 டாலர் விலையில், அங்கேதான் கடைவிரிக்கப்பட்டன. 2021-இல் சந்தையை மூடிவிட்டார்கள். என் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிவு சொன்னது. கை அதற்குள் பெருக்கிவிட்டது: சுமார் 84 கோடி ரூபாய்.

ரஷ்யா தூரம். ஸ்டேஷன் வாசல் மொபைல் கடை பக்கம். அங்கே ஒருமுறை கார்டு தேய்த்திருக்கிறேன். எதிர்ச் சாயாக்கடையில் உட்கார்ந்து, நாலு சாயங்காலம், பதினோரு கட்டிங் சாய் குடித்துத் துப்பறிந்தேன். கடைப் பையன் ஸ்கிரீன் கார்டில் குமிழி வராமல் ஒட்டுவதில் சூரன். அதற்குமேல் துப்பு கிடைக்கவில்லை. கடைசி நாள் அவனே வந்து, “சாச்சா, கியா சாஹியே?” என்றான், என்ன வேண்டுமென்று. வேறு வழியில்லாமல் 150 ரூபாய்க்கு சார்ஜர் வாங்கினேன்.

அக்டோபர் 4-ஆம் தேதி பாங்குக்குப் போனேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைக் காட்டினார்கள். அன்றைய விதிப்படி, தப்பு நம்முடையதும் பாங்குடையதும் இல்லாதபட்சத்தில், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். அதைத் தாண்டி ஏழு வேலை நாளுக்குள் என்றால், சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் தலையில். நான்காவது சனி, ஞாயிறு, காந்தி ஜெயந்தி எல்லாம் எனக்காகவே விடுமுறை விட்டுக் காத்திருந்தும் ஒரு நாள் பிந்தியிருந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. “ஏங்க, அந்த 84 கோடி எப்ப வருது?” என்றாள் மனைவி.

சார்ஜர் இரண்டு நாளில் புகைந்தது. கடைக்குப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.