காபியை விடலியாம், மாத்திரையை விட்டுட்டானாம்!

வா மாப்ள, திண்ணையில உக்காரு. காபியும் பிரஷர் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு எவனோ சொன்னானாமே. கேட்டதும் நீ ஒரு முடிவு எடுத்தியாம். ரெண்டுல ஒண்ணை விட்டாகணும்னு வந்ததும் மாத்திரையை விட்டுட்டியாம். அடேங்கப்பா, என்ன ஒரு தியாகம்! உங்கப்பன் இருந்திருந்தா மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பாரு.

நான் டாக்டருக்குப் படிச்சவன் இல்ல. கம்பவுண்டரா இருந்து மாத்திரை மடிச்சுக் குடுத்தே தலை நரைச்சவன். அந்த ஜன்னலுக்குப் பின்னால நின்னவனுக்கு, எவன் மாத்திரையை முழுங்குறான், எவன் வாங்கிட்டுப் போய் சாமி படத்துக்குப் பின்னால சொருகுறான்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். நீ ரெண்டாவது ரகம்.

காபி உள்ள போய் என்ன பண்ணுதுன்னு கேளு. நம்ம ஒடம்புல அடினோசின்னு ஒண்ணு ஊறும். 'போதும்டா, கொஞ்சம் ஆறு'ன்னு சொல்ற சரக்கு. ரத்தக் குழாயையும் தளர்த்தி விடும். அது வந்து உக்கார வேண்டிய எடத்துல, பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறாப்ல, காபியில இருக்குற காஃபின் முந்திக்கிட்டு உக்காந்துக்கும். கூடவே அட்ரினலினும் கொஞ்சம் ஏறும். குழாய் இறுகும், பிரஷர் கூடும். குடிச்ச ஒரு மணிக்குள்ள ஏறி, மூணு மணி நேரம் வரைக்கும் எறங்காம நிக்கலாம். மேல் நம்பர் 5, 10 கூடுறது சகஜம். தினம் குடிச்சுப் பழகுன ஒடம்புக்கு இந்த ஏத்தம் கொறஞ்சிடும். சில பேருக்கு அசையவே அசையாது. எல்லாருக்கும் அப்படிப் பழகுறதில்லங்கிறதுதான் வில்லங்கம்.

'காபி போய் மாத்திரையைக் கரைச்சு விட்டுடும்'னு டீக்கடையில பேசுனியாமே, அது சுத்தப் புருடா. உனக்கு எழுதியிருக்கிறது அம்லோடிபின். முழுங்குனதுல பாதி கழியவே 30லருந்து 50 மணி நேரம் ஆகும். ஒரு டம்ளர் காபி வந்து அதைக் கழுவி விட்டுடுமாக்கும்! நல்லவேளை, உனக்கு அட்டெனோலால் எழுதல. அந்த ஜாதி மாத்திரையைப் பொசுக்குனு நிறுத்துனா நெஞ்சு படபடத்து, பிரஷர் முன்னைவிட எகிறும். உன் வீரத்துக்கு அதெல்லாம் தாங்காது.

ஆனா காபி ஒண்ணுமே பண்ணாதுன்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்கு ஒரு பழக்கதையிலருந்து வரணும். கனடாவுல லண்டன்னு ஒரு ஊரு இருக்கு, வெள்ளைக்காரன் லண்டன் வேற. அங்க டேவிட் பெய்லின்னு ஒரு ஆராய்ச்சிக்காரர். ஃபெலோடிபின்னு ஒரு பிரஷர் மாத்திரையோட மது சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க, மது ருசி தெரியாம இருக்கட்டும்னு கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து குடுத்தாரு. பார்த்தா, மது ஒரு ஓரமா நிக்குது, சாறு போய் மாத்திரையை ரத்தத்துல பல மடங்கு ஏத்தி வெச்சிருக்கு! 1989ல வெளியில வந்த சங்கதி. அந்தப் பழம் வேற யாருமில்ல, நம்ம பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பொறந்தது. பம்பளிமாஸ் திங்கிறவன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது.

அதே கூட்டம்தான் பின்னால ஃபெலோடிபினையும் காபியையும் சேர்த்துக் குடுத்துப் பார்த்துச்சு. காபியைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சிட்டுக் குடிச்சவங்களுக்கு, மாத்திரை எறக்குனதைக் காபி ஏத்தி விட்டுச்சு. மாத்திரையைக் காபி அழிக்கல மாப்ள. இது கீழ இழுக்குது, அது மேல இழுக்குது, அம்புட்டுத்தான். இதுல ஏமாறுறவர் யாரு? டாக்டர். நீ ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில ஸ்ட்ராங்கா ஒண்ணு அடிச்சு, அங்கனயே எலெக்‌ஷன் சண்டையும் போட்டுட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கையை நீட்டுவ. 164ன்னு காட்டும். அவரு டோஸை ஏத்துவாரு. காபி குடிக்காத நேரத்துல அந்த டோஸ் உன்னைத் தலைசுத்த வைக்கும். உடனே 'மாத்திரை ஒத்துக்கல'ம்ப.

பிரஷர் பார்க்குறதுக்கு அரை மணி நேரம் முன்னால காபி, பீடி, ரெண்டும் கூடாது. ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வந்துடு. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு. வாயை மூடிக்கிட்டு! உனக்கு அதுதான் கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

உனக்குக் காபி ஏத்துதா இல்லையான்னு தெரிஞ்சுக்க கனடா போக வேணாம். உன் மகன் வாங்கிக் குடுத்த மிஷின் தூசி படிஞ்சு கெடக்குல்ல? காலையில காபிக்கு முன்னால ஒரு தடவை பாரு. குடிச்சு அரை மணிக்கு மேல, ரெண்டு மணிக்குள்ள இன்னொரு தடவை பாரு. ஒரு நாள் பார்த்துட்டு நாட்டாமைத் தீர்ப்பு சொல்லாத, நாலஞ்சு நாள் பார்த்து எழுதி வை. 5, 10ன்னு ஏறிக்கிட்டே இருந்தா நீ காபிக்கு ஏறுற ஆளு. டம்ளரைச் சின்னதாக்கு. சிக்கரி தூக்கலா இருந்தாலும் பரவாயில்ல, சிக்கரியில காஃபினே கிடையாது. சிக்கரி கலந்த தூள்ல காபி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. மிச்சம் 49 வரைக்கும் சிக்கரி இருந்தா, அது உன் பிரஷரை ஏத்தாத கூட்டாளின்னு வெச்சுக்க.

இன்னொண்ணு. ஜப்பான்ல பதினெட்டாயிரம் பேருக்கு மேல வருஷக்கணக்கா கவனிச்சு 2022ல எழுதுனாங்க. பிரஷர் 160க்கு 100ஐத் தாண்டி நிக்கிறவங்கள்ல, நாளைக்கு ரெண்டு கப்பும் அதுக்கு மேலயும் குடிச்சவங்க மாரடைப்பு, பக்கவாதத்துல சாகுறது ரெண்டு மடங்கு. ஒரு கப்புக்காரனுக்கு அப்படி இல்ல. காபிதான் கொன்னுச்சுன்னு அதுல நிரூபணம் ஆகல. ஆனாலும் உன் நம்பர் எறங்குற வரைக்கும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டா கொறைஞ்சா போயிருவ?

அதுக்காக நாளையிலருந்து சுத்தமா நிப்பாட்டுறேன்னு சபதம் போடாத. பழகுன காபியைப் பட்டுனு விட்டா, ஒரு நாளுக்குள்ள மண்டை இடிக்க ஆரம்பிக்கும். நீ பிரஷர்தான் ஏறிடுச்சுன்னு ஊரைக் கூட்டுவ. பிரஷர் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாம உள்ளுக்குள்ளயே வேலை பார்க்குற திருடன். படிப்படியா கொறை. மாத்திரையைத் தண்ணியில முழுங்கு, தினம் ஒரே நேரத்துல.

நெஜமாவே காபியோட ஆகாத மாத்திரை உன் வீட்டுலயே இருக்கு, அது தெரியுமா? உன் பொண்டாட்டி போடுற தைராய்டு மாத்திரை. காபி அதை ஒடம்புல சேர விடாது. வெறும் வயித்துல தண்ணியில போட்டு, அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணியாவது கழிச்சுத்தான் காபி குடிக்கணும். அவ பாவம், அந்த நேரத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறா. நீ என்னடான்னா அவ கையாலயே காபி போடச் சொல்லி, அவ மூஞ்சிக்கு நேரா சர்ருனு உறிஞ்சுற. உன் பிரஷரை விடு, அவளுக்கு ஏறாம இருக்கிறதே அதிசயம்.