வெயில் ஓசி, மத்ததுக்கு ரசீது

வா பேராண்டி, உக்காரு. கழுத்துல ரெண்டு காமிரா, முதுகுல ஒரு மூட்டை, கையில விசிட்டிங் கார்டு. கார்டுல என்னமோ போட்டிருக்க. விஷுவல் ஆர்ட்டிஸ்ட், ஸ்டோரிடெல்லர், டைரக்டர், கலரிஸ்ட். இம்புட்டுப் பேரும் எங்க, வண்டியிலயே உக்காந்திருக்காங்களா? ஓ, எல்லாம் நீதானா!

கல்யாணப் படம் எடுப்பியான்னு கேட்டா மூஞ்சி சுண்டிப் போகுது. "அதெல்லாம் பண்றதில்ல தாத்தா"ங்கிற. முகூர்த்த மாசத்துல உன் வண்டி எந்த மண்டப வாசல்ல நிக்குதுன்னு ஊருக்கே தெரியும். வைகாசியில தாலி கட்டுறதப் படம் பிடிச்ச காசுலதானே ஆடியில ஆல்பம் பாட்டு எடுக்க வந்திருக்க? இதுல என்னடா வெக்கம்? தாலி ஏறுறது ஒரு நிமிசம். ஒன்ஸ்மோர் கிடையாது. குறுக்க நிக்கிற மாமனை நகத்தி, ஹோமப் புகையத் தாண்டி அந்த முடிச்சைப் பிடிக்கிறவன்தான் காமிராக்காரன்.

போன மாசம் ஒரு கூட்டம் நம்ம களத்துமேட்டுக்கு வந்துச்சு. பொன் வெயிலு வேணுமாம். ஆளுக வந்து எறங்குனப்போ பொழுது உச்சிக்கு ஏறியாச்சு. பொன் வெயிலு என்ன இவனுகளுக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்? பொழுது கெளம்பி ஒரு மணி நேரம், அடையுறதுக்கு முந்தி ஒரு மணி நேரம். அப்பத்தான் வெளிச்சம் சாஞ்சு, காத்துல ரொம்ப தூரம் கடந்து வரும். நீலமெல்லாம் வழியிலயே சிதறிப் போயிரும், மஞ்சளும் செவப்பும் மிஞ்சும். உச்சி வெயில்ல நிறுத்துனா கண்ணுக்குழியில நிழல் விழுந்து எந்த அழகனும் காய்ச்சக்காரனாத்தான் தெரிவான். இத நான் சொல்லித் தரணுமா? விடியக்காலம் எந்திரிச்சிருந்தா சூரியன் ஓசி. இவனுக ஜெனரேட்டர் வண்டியக் கொண்டாந்து, பட்டப்பகல்ல லைட்டப் போட்டு, அது முன்னால துணியக் கட்டி மறைச்சு, "மிச்சத்த கலர் கிரேடிங்ல பாத்துக்கலாம்"னானுக. சூரியனையே கம்ப்யூட்டர்ல செஞ்சுருவானுகளாம், தூங்கி எந்திரிக்கிற நேரத்த மட்டும் மாத்த முடியாதாம்.

பாட்டு எடுத்த கூத்தக் கேளு. ஸ்லோமோஷன். காமிரா நொடிக்கு 48 படம் எடுக்கும், திரையில 24 ஓடும். அதனால பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல போட்டு, பாடுறவனும் அதே வேகத்துல வாயசைக்கணும். அப்பத்தான் நடை மெதுவாகும், உதடும் பாட்டோட சேரும். உன் தொழில்ல நான் மெச்சுற சூட்சுமம் அது, பொய் சொல்லல. ஆனா பாட்டு சோகப் பாட்டு. காதலி போயிட்டாளாம். அது கீச்சுக் கீச்சுன்னு ஓட, அவன் கோழி தீனி கொத்துற வேகத்துல உதட்ட அசைச்சு அழுதான். சோளக்காட்டுல நின்ன பொம்பளைக சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுதான்டா படம்! ஒருத்தன்கூட காமிராவத் திருப்பல. கான்செப்டுல இல்லியாம்.

என்னடா பொல்லாத கான்செப்டு? மூத்த பேரன் போன்ல காட்டினான். 1965ல லண்டன்ல ஒரு ஓட்டலுக்குப் பின்னால சந்து. பாப் டிலன் நிக்கிறாரு. பாட்டுச் சொல்ல எழுதுன அட்டைகள ஒண்ணொண்ணாக் காட்டிக் கீழ போடுறாரு. வாயக்கூட அசைக்கல. அம்புட்டுத்தான். 2006ல அமெரிக்காவுல ஓகே கோன்னு ஒரு கோஷ்டி. பாடுறவனோட கூடப்பொறந்தவ வீட்டுல எட்டு ட்ரெட்மில்லப் போட்டு, காமிராவ அசையாம நிறுத்தி, ஒரே ஷாட்டுல ஆடி முடிச்சானுக. பழகிப் பழகி ஆடுன ஆட்டம். கிராமி விருதே குடுத்தாங்க. நம்ம 'கொலவெறி', 2011ல வந்தது, ரெக்கார்டிங் ரூமுல ஹெட்போன் மாட்டிப் பாடுனதக் காட்டுனதுதானே? அதுல ட்ரோன் பறந்துச்சா? இங்க பறந்துச்சு. என் ஆடுக சிதறுனதுதான் மிச்சம்.

சரி, துட்டுக்கு வருவோம். "பட்ஜெட் இல்ல ப்ரோ, நல்ல ரீச் கிடைக்கும்"னு ஒருத்தன் சொல்றான், நீயும் தலைய ஆட்டுற. லைட்மேன் பேட்டா வாங்காம ஒயரத் தொடுவானா? வடபழனியில லென்ஸ் வாடகைக்கு விடுறவன் ரீச்ச வாங்கிப் பெட்டியில போட்டுக்குவானா? அத்தன பேருக்கும் கூலி உண்டு, ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும் கைதட்டலா?

1957ல போட்ட காப்புரிமைச் சட்டத்தப் படிச்சிருக்கியா? ஒருத்தன் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி, முதல் சொந்தக்காரன் அவன்தான். நீ ராத்திரி முழுக்க முழிச்சு எடிட் பண்ணத உன் ஷோரீல்ல போட அவன்கிட்டக் கையேந்தணும். எத்தன நிமிசப் பாட்டு, எத்தன திருத்தம், ஷோரீல்ல போடலாமா, பாதிப் பணம் என்னிக்கு. ஒரு தாள், ரெண்டு கையெழுத்து, அவ்வளவுதானே? "நட்பு கெட்டுரும் தாத்தா"ங்கிற. 'ஒரே ஒரு சின்னத் திருத்தம்'னு எட்டாவது தடவ வந்து நிக்கிறானே, அப்ப எங்கடா போச்சு அந்த நட்பு?

நாளைக்கு நம்ம கெணத்தடியில எடுக்கணும்னுதானே வந்திருக்க? எடு. விடியுமுன்ன வந்துரு. ட்ரோன் வேணாம், ஆடு சினையா இருக்கு. வாடகைக்கு என்ன சொல்ற? கடைசியில நன்றின்னு என் பேரு ஓடுமா? ஓடட்டும், ஓடட்டும். பாதி இப்ப அட்வான்ஸ், மீதி பம்புசெட்ட விட்டு வண்டியேறுறதுக்கு முந்தி. அந்தப் பேனாவ எடு.