வீடியோவாலே பையா

அடையாள அட்டையில் அவருடைய பதவி 'சீனியர் விஷுவல் ஸ்டோரிடெல்லர்'. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி முதல் சி.இ.ஓ. வரை அவரைக் கூப்பிடுவது 'வீடியோவாலே பையா'. சொந்த ஊர் பாளையங்கோட்டை. பையன் டெல்லியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால், 'கல்யாண வீடியோவா?' என்று எதிராளி கேட்பார் என்பது அனுபவத்தில் கண்டது.

குருகிராம் சைபர் சிட்டி, உத்யோக் விஹார், ஓக்லா, நொய்டா என்று கண்ணாடிக் கட்டடம் முளைத்த இடமெல்லாம் இந்த ஜாதியில் ஒருவர் இருப்பார். முக்கால்வாசிப் பேர் சினிமா எடுக்கக் கிளம்பியவர்கள். டெல்லியில் அதற்கு ஒரு வாசல், ஜாமியா மில்லியாவில் 1982இல் தொடங்கிய மாஸ் கம்யூனிகேஷன் மையம். ஷாருக் கான் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டுப் போன இடம். நம்மவர் படிப்பை ஒழுங்காக முடித்தார். "தப்பு அங்கேயே ஆரம்பிச்சிட்டு அண்ணாச்சி" என்பார்.

கார்ப்பரேட் வீடியோ என்றால் மட்டமா என்று யாராவது வாயைக் கிளறினால் போதும், லூமியர் சகோதரர்களை இழுத்துவிடுவார். 1895இல் உலகம் பார்த்த முதல் படங்களில் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவது. யாருடைய தொழிற்சாலை? லூமியருடையதேதான். நடித்தவர்கள் அவர்களுடைய சம்பளக்காரர்கள். ஆக, சினிமா பிறந்ததே ஆபீஸ் வீடியோவாகத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படத்துக்கே மூன்று பதிப்பு உண்டு: ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுக்கும், ஒன்றில் இரண்டு குதிரை, மூன்றாவதில் குதிரையே கிடையாது. "மார்க்கெட்டிங்ல குதிரையை எடுக்கச் சொல்லியிருப்பாங்க" என்று தீர்மானமாகச் சொல்வார்.

பெனகலின் 'மந்தன்' அவருக்கு அடுத்த சாட்சி. 1976இல் குஜராத் பால் கூட்டுறவுக்காரர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். "அத்தனை தயாரிப்பாளர் இருந்தும் ஒருத்தரும் எடிட் ரூமுக்கு வரலை பாருங்க" என்று பெருமூச்சு விடுவார். இவருக்குத் தயாரிப்பாளர் ஒரே ஒரு கம்பெனிதான். வருகிறவர்கள்தான் ஐந்து லட்சம்.

அவர் வேலை செய்யும்போது ஒருநாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மே மாதம், 43 டிகிரி. 'கஞ்சன்ஜங்கா' என்று பெயர் வைத்த மீட்டிங் ரூமில் சி.இ.ஓ. நாற்பது விநாடி பேச வேண்டும். முதல் காரியமாக கேமராவின் ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மாற்றுவார். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அறுபதில் விட்டால் கூரை விளக்கு துடிப்பது தலைவர் முகத்தில் பட்டை பட்டையாக ஓடும். அடுத்து ஏசி நிற்கும், அதன் இரைச்சல் சட்டைக் காலரில் குத்திய மைக்கில் விழும் என்பதால். கஞ்சன்ஜங்கா பத்து நிமிஷத்தில் இட்லிக் கொப்பரையாகிவிடும். எல்லாம் கூடிவந்து 'ரோல்' என்று சொல்கிற நேரத்தில் தலைக்கு மேல் விமானம். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஆபீஸ் என்று பெருமையாக வாடகைக்கு எடுத்தது. இரண்டு விமானத்துக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் இவருடைய படப்பிடிப்பு நேரம்.

டெலிப்ராம்ப்டரில் வசனம் ஓடும். தலைவர் அதைக் கையால் தள்ளிவிட்டு, "மனசிலிருந்து பேசுகிறேன்" என்பார். மனசிலிருந்து பதினோரு நிமிஷம் வரும், ஒரு வாக்கியம்கூட முடியாமல். அதிலிருந்து நாற்பது விநாடி தேற்றுவதுதான் நம்மவர் வித்தை. மூன்றாம் நிமிஷத்திலிருந்து எழுவாய், எட்டாம் நிமிஷத்திலிருந்து பயனிலை. இரண்டையும் ஒட்டிய இடத்தில் வாயசைவு இடறும். அங்கே கீபோர்டில் விரல்கள் தட்டுகிற காட்சியை வைத்து மூடிவிடுவார். கம்பெனி வீடியோக்களில் எதற்கு இத்தனை கீபோர்டு என்று நீங்கள் யோசித்திருந்தால், விஷயம் இதுதான்: விரல் தட்டுகிற இடத்திலெல்லாம் தலைவர் வேறு என்னவோ பேசியிருக்கிறார்.

வானத்திலிருந்து ஒரு காட்சி கேட்பார்கள். டெல்லியில், அதுவும் விமான நிலையத்துப் பக்கம், ட்ரோன் விட்டால் அது இறங்குவதற்குள் போலீஸ் வந்துவிடும். ஆகவே ஸ்டாக் வீடியோவில் ஏதோ ஒரு தேசத்து நகரத்தை வாங்கிப் போடுவார். 'நம் வளர்ச்சிப் பயணம்' என்று குரல் ஒலிக்கும்போது கார்களெல்லாம் சாலையின் வலது பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நவம்பரில் ஜன்னலுக்கு வெளியே உண்மையான டெல்லி தெரிகிற மாதிரி எடுத்தார், "எதுக்கு வெள்ளை ஃபில்டர் போட்டே?" என்று கேட்டார்கள்.

எஞ்சினியர் எழுதிய ப்ரோக்ராமை இரண்டு எஞ்சினியர் பார்ப்பார்கள், மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கிவிடுவார்கள். வீடியோ என்றால் அப்படியா? எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே. லீகலில் ஒரு திருத்தம், எச்.ஆரில் மூன்று, நிறுவனர் வீட்டம்மாவுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. இவற்றையாவது செய்து தொலைக்கலாம். பதிலே இல்லாத திருத்தம் ஒன்று டெல்லிக்கென்றே உண்டு: "மஜா நஹீன் ஆயா, பையா." அதாவது, சுவாரஸ்யம் வரவில்லை. எங்கே வரவில்லை, எத்தனையாவது விநாடியில் வரவில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆரம்ப காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படத்தையே பிரித்து மேய்ந்திருக்கிறார். இப்போது அனுபவஸ்தர். இசையை ஒரு சுற்று தூக்குவார், வெளிச்சத்தை ஒரு புள்ளி ஏற்றுவார், மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, சோர்ந்த முகத்தோடு, அதே படத்தை அனுப்புவார். "அப் ஆயா மஜா!" சோர்ந்த முகம் முக்கியம்; அது இல்லாமல் மஜா வராது.

குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் ஆளைப் பிடிக்க முடியாது. சத்தர்பூர் ஃபார்ம் ஹவுஸ்களில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் காசில்தான் சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி சந்தில் பேரம் பேசி லென்ஸ் வாங்குவார். அந்த லென்ஸில்தான் கம்பெனி ஓடுகிறது. கல்யாண வீட்டில் யாரும் திருத்தம் சொல்வதில்லையாம். அழுதுகொண்டே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

முழுநீளப் படம் என்னாயிற்று என்று கேட்காதீர்கள். ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஹீரோயின் பாத்திரத்துக்குப் பெயர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாறும். ஆனால் ரசிகர் இல்லாத கலைஞர் என்று நினைத்துவிடவும் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டப்படி ஊழியர்களுக்கு விழிப்புணர்வு தர வேண்டும் அல்லவா? அதற்குக் கம்பெனிக்காக அவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. தள்ளி ஓட்ட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். சேருகிறவர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும், வருஷா வருஷம் மறுபடியும். கடைசியில் கேள்வித்தாள் வரும். தேறாவிட்டால் படம் முதலிலிருந்து ஓடும்.

ஃபைனான்ஸில் ஒருவர் நான்கு தடவை பார்த்திருக்கிறார். லிஃப்டில் நம்மவரைக் கண்டதும் அவர் மட்டும்தான், "அந்த இரண்டாவது சீன்ல லைட்டிங் ரொம்ப நல்லா இருந்தது" என்றாராம்.